மேரி சாப்மனும் நாரிச் பெத்தேல் மருத்துவமனையும்

மேரி சாப்மன் (1647–1724) இங்கிலாந்தின் நாரிச் நகரைச் சேர்ந்த கொடையாளர். மனநோயாளிகளுக்கென்றே அவர் 1713-இல் கட்டுவித்த பெத்தேல் மருத்துவமனை, லண்டனுக்கு வெளியே அந்நாட்டில் இந்நோக்கத்துக்காக எழுந்த முதல் கட்டடமாகக் கருதப்படுகிறது. இங்கிலாந்திலேயே முதலாவது என்று சிலர் எழுதுவதுண்டு, அது பொருந்தாது. லண்டனின் பெத்லம் மருத்துவமனைக்காக ராபர்ட் ஹூக் வடிவமைத்த மூர்ஃபீல்ட்ஸ் கட்டடம் 1676-லேயே திறக்கப்பட்டுவிட்டது.

பின்னணி

பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் மனநோயாளிகளைப் பார்த்துக்கொள்ள அரசு அமைப்பு எதுவும் இல்லை. வசதியுள்ள குடும்பங்கள் அவர்களை வீட்டிலேயே ஓர் அறையில் வைத்துக்கொண்டன. அல்லது பணம் வாங்கிக்கொண்டு பார்த்துக்கொள்ளும் தனியார் விடுதிகளுக்கு அனுப்பின. ஏழைகள் ஊர்த் திருச்சபையின் உதவிப் பணத்தில் காலம் தள்ளினர், சிலர் சிறையில் கிடந்தனர், சிலர் தெருவில் திரிந்தனர். மனநோயாளிகளுக்கென இருந்த பொது மருத்துவமனை பெத்லம் ஒன்றுதான். அங்கும் நோயாளிகளைப் பார்க்க வேடிக்கைக் கூட்டம் வந்து போகும். கூச்சல் குழப்பத்தைக் குறிக்கும் ‘பெட்லம்’ என்ற ஆங்கிலச் சொல் அந்த மருத்துவமனையின் பெயரிலிருந்து வந்ததே.

குடும்பம்

கம்பளி நெசவால் செழித்த நாரிச், அக்காலத்தில் லண்டனுக்கு அடுத்த பெரிய நகரங்களுள் ஒன்று. மேரியின் தந்தை ஜான் மான் அந்தத் தொழிலில் பொருள் சேர்த்தவர். 1653-இல் நகர மேயராகவும் இருந்தார். மேரி 1682-இல் சாமுவேல் சாப்மனை மணந்தார். சாமுவேல், நகருக்கு அருகிலுள்ள தோர்ப் என்னும் ஊரின் பாதிரியார். மேரியின் நெருங்கிய உறவினரிலும் கணவரின் உறவினரிலும் மனநோய்க்கு ஆளானவர்கள் இருந்தனர். சாமுவேல் 1700-இல் இறந்தார். மனநோயாளிகளுக்கு ஒரு வீடு அமைக்க வேண்டும் என்பது அவருடைய விருப்பமும்கூட.

அக்கால ஆங்கிலேயச் சட்டப்படி, மணமான பெண்ணின் அசையும் சொத்து கணவருக்கே போய்ச் சேரும்; அந்தப் பெண்ணால் தம் பெயரில் ஒப்பந்தம் செய்யவும் முடியாது. கைம்பெண்ணுக்கு அந்தத் தடை இல்லை. சொத்தை வைத்திருக்கலாம், விற்கலாம், உயில் எழுதலாம். மேரி நிலம் பெற்றதும் கட்டட வேலையை ஒப்படைத்ததும் உயில் எழுதி வைத்ததும் கணவர் இறந்த பிறகு நடந்தவையே.

இடமும் கட்டுமானமும்

மருத்துவமனைக்குக் கிடைத்த மனைக்கு ஒரு பழைய கதை உண்டு. அரசருக்கும் நாடாளுமன்றத்துக்கும் இடையே நடந்த உள்நாட்டுப் போரின்போது நாடாளுமன்றத் தரப்பின் மாவட்டக் குழு கூடிய ‘கமிட்டி இல்லம்’ அங்கே இருந்தது. ஆயுதக் கிடங்கும் அதுவே. 1648 ஏப்ரலில், அரசர் பக்கம் சாய்ந்த மேயரைப் பதவியிலிருந்து இறக்க முற்பட்டபோது நகரில் கலகம் மூண்டது. கலகக்காரர்கள் அந்த இல்லத்துக்குள் புகுந்தனர். உள்ளே இருந்த 98 பீப்பாய் வெடிமருந்து வெடித்தது. சுமார் 40 பேர் மாண்டனர். அருகிலிருந்த புனித பீட்டர் மான்கிராஃப்ட் தேவாலயத்தின் சாளரக் கண்ணாடிகள் நொறுங்கின. மேரி அப்போது கைக்குழந்தை.

பாழ்பட்டுக் கிடந்த அந்த மனை 1712-இல் மேரியின் திட்டத்துக்கெனக் குத்தகைக்குப் பெறப்பட்டது. தச்சர் ரிச்சர்ட் ஸ்டார்லிங், கொத்தனார் எட்வர்ட் ஃப்ரீமன் ஆகிய இருவரும் வேலையை எடுத்தனர். செங்கல் கட்டடம் 1713-இல் எழுந்தது. செலவுக் கணக்கு 314 பவுன் 2 சில்லிங் 6 பென்ஸ். அரண்மனைபோல் முகப்பெடுத்து நின்ற மூர்ஃபீல்ட்ஸ் மருத்துவமனையோடு ஒப்பிட்டால், இது ஊர்ப் பெரிய மனிதர் ஒருவரின் வீடு போன்றதுதான்.

பெயரும் மேரியே வைத்ததுதான். தமிழ் விவிலியம் படித்தவர்களுக்குப் பழக்கமான பெயர் அது: யாக்கோபு கனவு கண்டு விழித்த இடத்துக்கு இட்ட பெத்தேல்; ‘தேவனுடைய வீடு’ என்பது பொருள்.

உயில்

மேரி தம் உயிலை 1717-இல் எழுதினார். உறவினரைப் பிடித்த நோய் தம்மையும் கணவரையும் தொடாமல் விட்டதற்கு இறைவனுக்குச் செலுத்தும் நன்றிக்கடனே இந்த இல்லம் என்று அதில் காரணம் சொல்கிறார். யாரைச் சேர்க்க வேண்டும் என்பதிலும் தெளிவாக இருந்தார். வாழ்க்கையின் இடையில் புத்தி பேதலித்தவர்களுக்கே இடம். பிறவியிலேயே அறிவு வளர்ச்சி குன்றியவர்களுக்கு இல்லை. நாரிச் நகர ஏழைகளுக்கு முதலிடம், அவர்களிடம் கட்டணம் கிடையாது. இடம் மிஞ்சினால் வெளியூரார் பணம் கட்டிச் சேரலாம்.

பிறவிக் குறை உள்ளவர்களை விலக்கியது இன்றைய கண்ணுக்குக் கடுமையாகத் தோன்றும். ஆனால் அந்த விதிக்குள் ஒரு நம்பிக்கையும் இருந்தது. புத்தி பேதலித்தவர் தேறக்கூடும். தேறினால் வீடு திரும்பலாம். காலியாகும் படுக்கை அடுத்தவருக்கு உதவும். வாழ்நாள் முழுக்கத் தங்கும் இல்லமாக அல்ல, வந்து போகும் இடமாகவே மேரி இதை நினைத்தார்.

உயிரோடிருந்தவரை நிர்வாகத்தைத் தாமே கவனித்தார். 1724 ஜனவரி 8 அன்று இறந்தார். கணவர் பாதிரியாராக இருந்த தோர்ப்பிலேயே அடக்கம் செய்யப்பட்டார். மருத்துவமனைப் பொறுப்பு, உயிலின்படி ஏழு அறங்காவலர்களிடம் சென்றது.

பிற்கால வரலாறு

தனி ஒருவரின் கொடையில் தொடங்கும் நிறுவனங்கள் பல, அவரோடு முடிந்துவிடுவதுண்டு. பெத்தேலை நிலைநிறுத்தியது அறங்காவலர் ஏற்பாடு. பிறரும் நன்கொடைகளும் நிலங்களும் எழுதி வைத்தனர். 1765-இல் அரச சாசனம் அதைச் சட்டப்படியான நிறுவனமாக்கியது. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவிலிருந்தே கட்டடம் பலமுறை விரிவாக்கப்பட்டது.

பெத்தேலுக்குப் பிறகு, மனநோயாளிகளுக்கென லண்டனில் புனித லூக்கா மருத்துவமனை 1751-இலும், யார்க் நகரில் குவேக்கர் என்னும் கிறித்தவப் பிரிவினரின் ‘ரிட்ரீட்’ இல்லம் 1796-இலும் தோன்றின. மாவட்டங்கள் பொதுச் செலவில் காப்பகம் கட்டிக்கொள்ள 1808-இன் சட்டம் வழிவிட்டது. அதன்படி நார்ஃபோக் மாவட்டக் காப்பகம் 1814-இல் திறக்கப்பட்டது, மேரி அடக்கம் செய்யப்பட்ட அதே தோர்ப்பில். அதற்கு நூறாண்டு முன்பே நாரிச்சில் பெத்தேல் இயங்கிக்கொண்டிருந்தது.

1948-இல் பெத்தேல் தேசிய சுகாதாரச் சேவையின் கீழ் வந்தது. கடைசிக் காலத்தில் குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்குமான மனநல மையமாக இயங்கி, 1990-களில் மூடப்பட்டது. பாதுகாக்கப்பட்ட பழங்காலக் கட்டடங்களின் பட்டியலில் இடம்பெற்ற அது, பின்னர் குடியிருப்பாக மாறியது.

வெடிமருந்து வெடித்த இல்லத்தின் பெயரால் ஒரு காலத்தில் ‘கமிட்டி தெரு’ எனப்பட்ட அந்தத் தெரு, இன்று ‘பெத்தேல் தெரு’.