ஒபே அட்டா

நைஜீரியாவின் தென்மேற்கில் யொரூபா மக்கள் வீடுகளில் அன்றாடம் சமைக்கும் மிளகாய்க் குழம்பு. சிவந்த மிளகாய் வகைகளையும் தக்காளி, வெங்காயத்தையும் அரைத்து, நீர் வற்றக் காய்ச்சி, எண்ணெயில் சுருள வதக்குவது. லேகோஸ், இபாடான், அபெயோகுட்டா போன்ற நகரங்களில் இதைச் சோற்றோடும், பெருவள்ளிக்கிழங்கு மாவில் கிண்டும் 'அமலா' களியோடும், மரவள்ளி மாவில் செய்யும் 'எபா'வோடும் உண்பர். 

வரலாறு

மிளகாய் அமெரிக்கக் கண்டத்துப் பயிர், தக்காளியும் அப்படியே. ஆனால் அவை வருமுன்பே மேற்கு ஆப்பிரிக்கச் சமையலில் காரம் இருந்தது. இஞ்சிக் குடும்பத்தைச் சேர்ந்த, ஏலக்காய்க்கு உறவான 'அட்டாரே' விதை ஒன்று. இன்றைய லைபீரியக் கரையை ஐரோப்பியர் 'தானியக் கடற்கரை' என்று குறித்தது இவ்விதையை வைத்துத்தான். மற்றொன்று 'இயேரே': நம் மிளகுக் கொடியின் பேரினத்தைச் சேர்ந்த காட்டுக்கொடி, காய் வால்மிளகை ஒத்திருக்கும். 1480களில் பெனின் அரசுக்கு வந்த போர்ச்சுகீசியர் இம்மிளகை ஐரோப்பாவுக்கு ஏற்றிச் சென்றனர். 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டை அடைந்தபின் மலபார் மிளகு நேரே லிஸ்பனுக்குப் போகத் தொடங்கியது. ஆப்பிரிக்க மிளகின் வாணிகம் தேய்ந்தது. அதே போர்ச்சுகீசியக் கப்பல்களே மிளகாயை மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் இறக்கின. ஈர வெப்பமான மண்ணில் அது எளிதில் வேரூன்றியது. பழைய இரு காரங்களும் இன்று பெரும்பாலும் மருந்துக் கஷாயங்களிலும் மிளகு ரசங்களிலும் சடங்குகளிலும் தங்கிவிட்டன.

மிளகாய் வகைகள்

குழம்பின் உடலாக அமைவது 'டட்டாஷே'. சதைப்பற்றுள்ள, காரம் குறைந்த, ஆழ்ந்த சிவப்புக் காய். இது கிடைக்காத ஊர்களில் சிவப்புக் குடைமிளகாய் அந்த இடத்தை நிரப்புகிறது. நீண்டு மெலிந்த 'ஷொம்போ' நடுத்தரக் காரம் உடையது. உருண்டு சுருங்கிய 'அட்டா ரோடோ'வே உண்மையான காரம். பழவாசனை உடைய இது, வில்பர் ஸ்கோவில் 1912இல் வகுத்த கார அளவையில் 1,00,000 முதல் 3,50,000 வரை எட்டும். இதன் வாசனை பிற மிளகாய்களில் எளிதில் கிடைப்பதில்லை.

சமைக்கும் முறை

ஆறு பேருக்கு டட்டாஷே ஐந்து, தக்காளி மூன்று, பெரிய வெங்காயம் இரண்டு, ரோடோ ஒன்று முதல் மூன்று வரை போதும். தக்காளி மிகுந்தால் புளிப்பு ஏறி, குழம்பின் இயல்பே கெடும். அரைத்த விழுதை எண்ணெய் இன்றித் திறந்த பாத்திரத்தில் கெட்டியாகும்வரை கொதிக்க விட வேண்டும். இந்தப் பொறுமையில்தான் சமையல் அடங்கியிருக்கிறது. நீர் வற்றாத விழுது எண்ணெயில் தெறிக்கும், வதங்காமல் வேகும், பச்சை வாடை போகாது.

தனிச் சட்டியில் செம்பனை எண்ணெயைக் காய்ச்சி, நறுக்கிய வெங்காயத்தை வதக்கி, விழுதைச் சேர்த்து எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும்வரை கிளற வேண்டும். மிளகாயின் காரப்பொருள் நீரில் அதிகம் கரையாது, கொழுப்பில் கரையும்; எண்ணெயைத் தாராளமாக விடுவதற்கு இதுவும் காரணம். செம்பனை மேற்கு ஆப்பிரிக்காவின் சொந்த மரம், எனவே அதன் எண்ணெயே இக்குழம்புக்கு உரியது. கடலை எண்ணெய் பிற்கால வழக்கம். மாட்டிறைச்சி, குடல், தோல் ஆகியவற்றை உப்பும் வெங்காயமும் இட்டு முன்பே வேகவைத்து, பொரித்து, அந்த வேகவைத்த நீரோடு கடைசியில் சேர்ப்பர்.

சிலர் 'இரு' சேர்ப்பர். ஒரு வகைக் காட்டு மரத்தின் விதையை அவித்து, தோல் நீக்கி, இரண்டு மூன்று நாள் புளிக்க வைத்தது அது. வாடை கடுமையானது, சுவையோ கருவாட்டின் ஆழம் கொண்டது. பச்சை மிளகாய்களில், நிறம் போகக் காய்ச்சிய செம்பனை எண்ணெயில் செய்யும் 'அயமாஷே'வுக்கு இது இன்றியமையாதது. ஓகுன் மாநிலத்து இக்கென்னே ஊர் அதற்குப் பெயர்பெற்றது.

இன்றைய நிலை

டப்பாத் தக்காளி விழுதும் சாற்றுக் கட்டிகளும் பரவலாகியுள்ளன. 2016இல் வடக்கே கடூனா மாநிலத்தில் ஊசிப்புழு தக்காளி வயல்களை அழித்தபோது விலை பன்மடங்கு உயர்ந்தது.