பிழைத்த பிள்ளையும் பின்தங்கிய பாடமும்

இன்று ஒரு மருத்துவ வரலாறு. ஆசிரியர் வேலையில் இருப்பவர்கள் அவசியம் படிக்கவும்.

1960களில் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு மருந்தால் நோய் அடங்கும். பிறகு மூளை உறையில் ஒளிந்திருந்து திரும்ப வரும். அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் டாக்டர் டொனால்ட் பின்கெல் குழுவினர் மருந்தோடு தலைக்கும் கதிர்வீச்சு கொடுத்தார்கள். ஏறக்குறையப் பாதிக் குழந்தைகள் பிழைத்தார்கள். பெரிய சாதனை.

பாதிப்பு சில ஆண்டுகள் கழித்தே தெரிந்தது. கதிர்வீச்சு மூளையின் நுண்ணிய ரத்தக் குழாய்களையும் நரம்பு உறையையும் மெல்ல மெல்லக் கெடுக்கும். வளரும் மூளைக்குக் கெடுதல் அதிகம். கணக்கு வராது, கவனம் நிற்காது, எழுத்து மெதுவாகும். அதனால் 24 கிரே அளவை 18 ஆகக் குறைத்தார்கள். பின்னர் பெரும்பாலான குழந்தைகளுக்குக் கதிர்வீச்சையே விட்டுவிட்டு, முதுகுத் தண்டு நீரில் ஊசி மருந்து செலுத்தினார்கள்.

நம் நாட்டில் 1980களில் சென்னை அடையாறு, மும்பை, டெல்லி மருத்துவமனைகளில் நடந்த சிகிச்சையிலும் தலைக்குக் கதிர்வீச்சு இருந்தது. அன்று பிழைத்த பிள்ளைகளுக்கு இன்று நாற்பதைத் தாண்டியிருக்கும்.

போடியிலோ மேலே ஏலத்தோட்டங்களிலோ அப்படி ஒருவர் இருந்தால், புதிதாக மறதி, தலைவலி, வலிப்பு, தடுமாற்றம் வந்ததும் வயசுக் கோளாறு என்று விட்டுவிடாதீர்கள். பழைய ஃபைலோடு டாக்டரிடம் காட்டுங்கள். பத்திரத்தோடு பத்திரமாக அந்த ஃபைலையும் வையுங்கள். மூளைக் கட்டிக்கு டாக்டர் கதிர்வீச்சு சொன்னால் பயந்து மறுக்கவும் வேண்டாம். அது உயிர் காக்கும்.

வகுப்பில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால் சோம்பேறி என்று சொல்லாதீர்கள். பரீட்சையில் கூடுதல் நேரம் கேட்டு வாங்கிக் கொடுங்கள்.

வாழ்க நலமுடன்.