கார் முன்கண்ணாடியில் ஸ்டிக்கர்: எங்கே ஒட்டலாம், வீட்டிலேயே எப்படி ஒட்டுவது?

வேல், மயில், பிள்ளைகளின் பெயர், கட்சிக் கொடி, சங்கத்தின் பெயர்... புதுக் கார் வந்ததும் முன்கண்ணாடியில் ஏதாவது ஒன்று ஏறிவிடுகிறது. நெய்வேலி டவுன்ஷிப்பிலும் இதே கதைதான். வில்லுடையான்பட்டு முருகன் கோயில் பங்குனி உத்திரம் முடிந்த கையோடு காரில் ஒரு வேல் ஒட்டணும் என்று நினைப்பவர்கள், ஆன்லைனில் வாங்கி குவாட்டர்ஸ் வாசலிலேயே ஒட்டிவிடலாம். அது பெரிய வித்தை இல்லை. எங்கே ஒட்டுகிறோம் என்பதில்தான் விஷயம்.

10 செ.மீ. ஸ்டிக்கர் எதை மறைக்கும்?

ஓட்டுபவரின் கண்ணுக்கும் முன்கண்ணாடிக்கும் நடுவே 70 செ.மீ. தூரம் என்று வைத்துக்கொள்வோம். பார்வைக்கு நேராக 10 செ.மீ. அகல ஸ்டிக்கர் இருந்தால், 20 மீட்டர் தள்ளி ஒரு கண்ணுக்குக் கிட்டத்தட்ட 3 மீட்டர் அகலம் தெரியாது. ஒரு கண் விட்டதை இன்னொரு கண் பிடிக்கும், சரி. அப்படியும் சுமார் 1 மீட்டர் அகலம் இரண்டு கண்ணுக்கும் முழுசாக மறைந்துபோகும். எதிரே நேராக வரும் பைக்கின் அகலம் அதைவிடக் குறைவு. பண்ருட்டி சாலையில் ஒரு பைக் திரும்புவதைக் கவனிக்காமல் விட இவ்வளவு போதும்.

அதனால் வைப்பர் துடைக்கும் பகுதியில், அதிலும் ஓட்டுநர் பக்கம், எதுவும் வேண்டாம். முன்பக்கம்தான் வேண்டும் என்றால் இடது கீழ் மூலையில் சின்னதாக ஒட்டலாம். உள்கண்ணாடிக்குப் பின்னால் கேமரா, மழை சென்சார் உள்ள கார்களில் அந்த இடத்தைத் தொடவே கூடாது. வேலுக்கு உண்மையில் நல்ல இடம் பின்கண்ணாடிதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

மத்திய மோட்டார் வாகன விதி 100-ன்படி முன், பின் கண்ணாடிகள் வழியே குறைந்தது 70 சதவீத வெளிச்சமும், பக்கக் கண்ணாடிகள் வழியே 50 சதவீதமும் வர வேண்டும். 2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், எவ்வளவு வெளிச்சம் வந்தாலும் கண்ணாடியில் ஃபிலிம் ஒட்டவே கூடாது என்று தீர்ப்பளித்தது. பின்னர் விதி திருத்தப்பட்டது. அதை வைத்து, அளவுக்கு உட்பட்ட ஃபிலிமை ஒட்டலாம் என்று 2024 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம் கூறியது. ஆனால் முன்கண்ணாடியின் மேல்பகுதியில் பட்டையாகக் கறுப்பு வினைல் ஒட்டுவது இந்த 70 சதவீதக் கணக்குக்குள் வராது. அதை வாங்காமல் இருப்பதே நல்லது.

பதவி, துறை பெயர் ஸ்டிக்கர்கள் வேறு ரகம். பிரஸ், போலீஸ், தலைமைச் செயலகம், மின்வாரியம் என்று அனுமதியில்லாமல் எழுதிய வாகனங்கள் மீது 2024 மே 2 முதல் நடவடிக்கை என்று சென்னை போக்குவரத்து போலீஸ் அறிவித்தது. அது சென்னைக்கான அறிவிப்பு என்றாலும், மோட்டார் வாகனச் சட்டம் எல்லா ஊருக்கும் ஒன்றுதான். விதிமீறல்களுக்கான பொதுப்பிரிவு 177-ன் கீழ் முதல் முறை 500 ரூபாய் வரை, அடுத்த முறை 1,500 ரூபாய் வரை அபராதம்.

கட்டாயம் ஒட்ட வேண்டியது ஃபாஸ்டேக். ஒட்டாமல் கையில் எடுத்துக் காட்டினால் இரட்டிப்புக் கட்டணம் என்று தேசிய நெடுஞ்சாலை ஆணையம் 2024-ல் அறிவித்தது. நெய்வேலியிலிருந்து சென்னை போகிறவர்கள் ஆத்தூர், பரனூர் சுங்கச்சாவடிகளைப் பெரும்பாலும் தாண்ட வேண்டியிருக்கும். முன்கண்ணாடியின் உள்பக்கம், மேலே நடுவில், தண்ணீர் படாமல் ஒட்டணும். ஒருமுறை உரித்தால் மறுபடி வேலை செய்யாது. கண்ணாடி மாற்றினால் புது டேக் வாங்க வேண்டியதுதான்.

சரி, ஒட்டுவது எப்படி?

முதலில் நேரம். கையை வைத்தால் சுடும் கண்ணாடியில் பசை பட்டவுடன் பிடித்துக்கொள்ளும், வினைல் இளகி இழுபடும். கத்திரி மாதத்தில் காலை 7 மணிக்கு முன்பே, நிழலில் வேலையை முடித்துவிடுங்கள். மர நிழலைவிட போர்டிகோ மேல். மரத்தடியில் ஒட்டும்போது பூவும் சருகும் பசையில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அடுத்தது தூசி. சுரங்கமும் அனல் மின் நிலையமும் உள்ள ஊரில் கண்ணாடியில் படிவது வெறும் மண் இல்லை, கரித்தூளும் சாம்பலும் சேர்ந்திருக்கும். காய்ந்த துணியால் தேய்த்தால் கண்ணாடியில் கீறல் விழும். நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, மைக்ரோஃபைபர் துணியால் துடைத்து, கடைசியாக ஐசோபிரைல் ஆல்கஹால் தொட்டுத் துடைக்கவும். மெழுகு கலந்த பாலிஷ் போட்டிருந்தால் ஸ்டிக்கர் நிற்காது.

வெட்டிய எழுத்து ஸ்டிக்கரில் மூன்று அடுக்கு இருக்கும்: பின்தாள், வினைல், மேலே டிரான்ஸ்ஃபர் டேப். பிரிக்காமல் அப்படியே மாஸ்கிங் டேப்பால் கண்ணாடியில் மாட்டி, ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து ஒருமுறை பாருங்கள். பலரும் தவறவிடுவது இந்த ஒரு நிமிடத்தைத்தான்.

இடம் சரி என்றால், பழைய ஏடிஎம் கார்டால் இரண்டு பக்கமும் அழுத்தித் தேய்த்துவிட்டு, பின்தாளை உரியுங்கள். எழுத்திலிருந்து தாளை உரிக்க வேண்டும், தாளிலிருந்து எழுத்தை அல்ல. அரை லிட்டர் தண்ணீரில் இரண்டு, மூன்று சொட்டு பாத்திரம் கழுவும் லிக்விட் கலந்து கண்ணாடியில் ஸ்ப்ரே செய்து, ஸ்டிக்கரை வைக்கவும். ஈரம் இருக்கும்வரை நகர்த்திச் சரிசெய்யலாம். பிறகு நடுவிலிருந்து ஓரத்துக்குக் கார்டால் தள்ளினால் தண்ணீரும் காற்றும் வெளியேறும்.

இங்கேதான் அவசரம் கூடாது. ஒரு மணி நேரம் விட்டு, டிரான்ஸ்ஃபர் டேப்பை முழுசாகப் பின்னோக்கி மடித்து மெதுவாக இழுக்கவும். எழுத்து கூடவே எழும்பினால் திரும்பப் படுக்கவைத்துத் தேய்க்கணும். சின்னக் குமிழிகள் சில நாளில் தானே போய்விடும். பெரியதை ஊசியால் குத்தி அழுத்தலாம். 24 மணி நேரத்துக்குக் கார் கழுவ வேண்டாம்.

உள்பக்கம் ஒட்டுவதாக இருந்தால் ஆர்டர் போடும்போதே சொல்லிவிடுங்கள். எழுத்தைத் திருப்பி வெட்டித் தந்தால்தான் வெளியிலிருந்து நேராகத் தெரியும்.

பழையதை எடுக்க

முன்கண்ணாடி இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்துச் செய்தது. கல்பட்ட விரிசல் இருக்கும்போது ஹீட் கன்னால் ஒரே இடத்தில் சூடாக்கினால் விரிசல் ஓடிவிடும். ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் வைத்து, ஓரத்தை பிளாஸ்டிக் சுரண்டியால் தூக்கினால் போதும். மிச்சப் பசைக்கு நீலகிரித் தைலம் தடவி, பத்து நிமிடம் கழித்து சோப்புத் தண்ணீரில் கழுவலாம். தேதி முடிந்த பழைய கேட் பாஸ்களையும் இதே கையோடு எடுத்துவிடுங்கள்.

பின்கண்ணாடியின் உள்பக்கம் மட்டும் பிளேடு வேண்டாம். அங்கே ஓடும் மெல்லிய கோடுகள் பனியைப் போக்கும் ஹீட்டர் கம்பிகள். ஒரு கோடு அறுந்தால் அந்த வரிசை வேலை செய்யாது. பின்னால் ஒட்டுவதாக இருந்தால் வெளிப்பக்கமே ஒட்டுங்கள்.