பட்டியலுக்கு வெளியே இருப்போரை எண்ணுதல்

கையால் மலம் அள்ளுவோர் எத்தனை பேர்? 2013, 2018 கணக்கெடுப்புகளில் ஒன்றிய அரசு அடையாளம் கண்டவர்கள் 58,098 பேர். 2011 சமூகப் பொருளாதார, சாதிவாரிக் கணக்கெடுப்போ ஊரகப் பகுதிகளில் மட்டும் ஏறத்தாழ 1.8 லட்சம் குடும்பங்களைப் பதிவு செய்தது. பட்டியலில் பெயர் இல்லையேல் 40,000 ரூபாய் உதவித்தொகையும் இல்லை, மறுவாழ்வும் இல்லை.

விடுபட்டோரை மதிப்பிடப் புள்ளியியலில் ஒரு வழி உண்டு. ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனையாகக் கொள்வோம். ஒரு மாவட்டத்தில் அரசின் பட்டியலில் 100 பேர். இயக்கத்தின் பட்டியலில் 80 பேர். இரண்டிலும் உள்ளோர் 20 பேர். நூறையும் எண்பதையும் பெருக்கி இருபதால் வகுத்தால், மொத்தம் 400. நாம் பார்த்தவர்கள் 160 பேர். மறைந்திருப்போர் 240 பேர்.

இக்கணக்கு ஓர் அனுமானத்தின் மீது நிற்கிறது: ஒரு பட்டியலில் இடம்பெறுவது, மற்றதில் இடம்பெறும் வாய்ப்பை மாற்றாது என்பதே அது. களத்தில் அப்படியா நடக்கிறது? இயக்கமே தன் மக்களை அரசிடம் பதிவு செய்ய வைத்தால் பொதுப் பெயர்கள் பெருகும். மதிப்பீடு உண்மையைவிடக் குறையும். அரசு விட்டவர்களையே இயக்கம் தேடிச் சென்றால் பொதுப் பெயர்கள் அருகும். மதிப்பீடு உண்மையைவிடக் கூடும்.

இந்த அனுமானத்தைச் சோதிக்க, எந்தப் பட்டியலிலும் இல்லாதோரின் எண்ணிக்கை தெரிய வேண்டும். நாம் தேடுவதே அதைத்தான். மூன்றாவது பட்டியல் சேர்ந்தால் இருபட்டியல் உறவுகளை அளக்கலாம். ஆனால் மூன்றும் பின்னிய உறவு இல்லை என்று மீண்டும் அனுமானிக்க வேண்டும். ஒப்பந்ததாரருக்கு அஞ்சி எவரிடமும் பெயர் சொல்லாதவரை எந்தப் பட்டியலும் தொடாது.

பெரு நாட்டு அனுபவம் இதற்குச் சான்று. உள்நாட்டு ஆயுத மோதலில் மாண்டோரும் காணாமல் போனோரும் 69,280 பேர் என அந்நாட்டு உண்மை ஆணையம் 2003இல் மதிப்பிட்டது. பதிவான பலியானோரில் நால்வரில் மூவர் கெச்சுவா முதலிய பூர்வகுடி மொழிகளைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். 2019இல் பொருளியலாளர் சில்வியோ ரெண்டோன் அதே தரவுகளை வேறு முறையில் ஆராய்ந்து, ஏறத்தாழ 48,000 என்றார்.

ஆகவே மதிப்பீடுகளைப் புறக்கணிக்க வேண்டும் என்று நாம் கூறவில்லை. 58,098 என்பதையே மொத்தமாகக் கொள்வதும் ஓர் அனுமானமே: மறைந்திருப்போர் சுழியம் என்ற அனுமானம். எந்த எண் முன்வைக்கப்பட்டாலும் நாம் கேட்க வேண்டியவை மூன்று. பட்டியல்களைத் தயாரித்தவர் யார்? அவற்றில் எவர் ஒருபோதும் இடம்பெற இயலாது? அனுமானத்தை மாற்றினால் எண் எவ்வளவு மாறும்? நம் தரப்பு எண்ணிடமும் இவற்றைக் கேட்போம். அப்போதுதான் அரசிடம் கேட்கும் உரிமை வலுப்பெறும்.