பல்கலைக்கழகம் வந்த ஆண்டு, மதுக்கடை திரும்பிய ஆண்டு

குப்பத்தில் திராவிடப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்ட ஆண்டு 1997. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே சந்தையில் ஒலிக்கும் எல்லையூர் என்பதால் அந்த இடம் பொருத்தமாகவே அமைந்தது. அதே 1997-இல்தான் ஆந்திரப் பிரதேசத்தில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் நடப்பில் இருந்த முழு மதுவிலக்கும் முடிவுக்கு வந்தது. இரண்டையும் செய்த அரசு ஒன்றே. அதன் முதலமைச்சர் 1989 முதல் குப்பம் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர். இரண்டுக்கும் காரண காரியத் தொடர்பு இல்லை, தற்செயல்தான். ஆயினும் கல்லூரி மாணவர் ஏன் குடிக்கிறார் என்று கேட்டவுடன் 'சேர்க்கை சரியில்லை' என்று விடைகூறி முடித்துவிடும் நம் வழக்கத்தை அந்தத் தற்செயல் சற்றே நிறுத்திவைக்கிறது. மாணவரின் கையில் குவளை வருவதற்கு நெடுங்காலம் முன்பே, அது எப்போது நிரம்ப வேண்டும், எப்போது காலியாக இருக்க வேண்டும் என்பதை வேறு பலர் தீர்மானித்திருக்கிறார்கள்.

ஜோலார்ப்பேட்டையில் ரயிலேறிப் பங்காரப்பேட்டையில் இறங்குபவர் தமிழ்நாடு, ஆந்திரம், கர்நாடகம் ஆகிய மூன்று மாநிலங்களைக் கடக்கிறார். நடுவில் வருவது குப்பம். சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்த ராஜாஜி 1937 அக்டோபரில் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு அது சித்தூர், கடப்பை மாவட்டங்களுக்கும், 1939-இல் வட ஆர்க்காட்டுக்கும் பரவியது. ஆக, சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்த குப்பத்தைச் சுற்றிச் சென்னை மாகாணப் பகுதி முழுவதும் வறண்டது. மேற்கே மைசூர் சமஸ்தானத்தில், கோலார் தங்கவயல் பக்கத்தில், மாகாணச் சட்டம் செல்லாது. சட்டத்தை மீற வேண்டிய தேவைகூட இல்லை. எல்லையை நடந்து கடந்தால் போதும். இழந்த வருவாயை ஈடுகட்ட 1939-இல் விற்பனை வரிச் சட்டம் வந்தது. பிறகு மதுவிலக்கு தளர்ந்தும் இறுகியும் மாறிக்கொண்டிருந்தது. விற்பனை வரி மட்டும் போகவே இல்லை.

ஆந்திரம் தனி மாநிலமான பிறகும் இந்தக் கேள்வி ஓயவில்லை. 1954 நவம்பரில் பிரகாசம் அமைச்சரவை மதுவிலக்குக் கொள்கையை முன்னிட்டு வந்த வாக்கெடுப்பில் ஒரே ஒரு வாக்கில் கவிழ்ந்தது. 1983-இல் ஆட்சிக்கு வந்த என்.டி. ராமராவின் அரசு 'வாருணி வாஹினி' என்ற பெயரில் சாராயத்தை உறைகளில் அடைத்து ஊர்தோறும் கொண்டுசேர்த்தது. (கடவுளின் பெயரைச் சாராயத்துக்குச் சூட்டும் கற்பனை அரசு அலுவலகங்களில் எங்கிருந்து வருகிறதோ!) அதே ராமராவ்தான் 1994 டிசம்பரில் மீண்டும் முதலமைச்சராகி, 1995 ஜனவரியில் முழு மதுவிலக்கைக் கொண்டுவந்தார்.

அவரை மாற்றியது எது என்பதே இந்த வரலாற்றின் முக்கியமான பகுதி. தமிழ்நாட்டில் அறிவொளி இயக்கம் என்று அறியப்பட்ட முழு எழுத்தறிவுப் பணி 1990-களின் தொடக்கத்தில் நெல்லூர் மாவட்டத்திலும் நடந்தது. பகலெல்லாம் வயலில் வேலைசெய்த பெண்கள் இரவில் விளக்கடியில் எழுத்துக் கூட்டினார்கள். அவர்களின் பாடநூலில், கணவரின் குடியால் சீரழியும் குடும்பத்தின் கதை இருந்தது. படித்தவர்கள் அதைக் கதை என்று கடந்துபோகவில்லை. தூபகுண்டா என்ற சிற்றூரின் பெண்கள் ரோசம்மா முதலியோரின் முன்னிலையில் தம் ஊர்ச் சாராயக் கடையை மூடவைத்தார்கள். அந்த வெற்றியே அடுத்த பாடநூலில் ஒரு பாடமாயிற்று. அதைப் படித்த ஊர்களிலும் கடைகள் மூடப்பட்டன. 1992-இல் சாராய ஏலங்கள் தடுக்கப்பட்டன. 1993 அக்டோபரில் மாநிலமெங்கும் சாராயம் தடைசெய்யப்பட்டது. எழுத்தறிவே இல்லாதிருந்தவர்கள் படித்த முதல் பாடம், மதுவைத் தம் ஊரிலிருந்து வெளியேற்றியது. பட்டப்படிப்பு வரை வந்த ஒருவர் மதுவை முதன்முதலாகத் தொடும் இடம் பெரும்பாலும் விடுதி என்பதை இதனருகில் வைத்துப் பார்க்க வேண்டும்.

மகிழ்ச்சிக்காகவே குடிப்பதாக மாணவர் சொல்வார். மொழியும் அவருக்குத் துணைநிற்கிறது. கள் என்ற சொல் தெலுங்கில் கல்லு, கன்னடத்தில் கள்ளு. பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதி கள்ளையும் களித்தலையும் ஒரே பதிவில் வைக்கிறது. களி என்றால் மகிழ்ச்சி, வெறியும் அதுவே. குப்பத்துக்குத் தெற்கே, இன்றைய தருமபுரியாகிய தகடூரை ஆண்ட அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய புறநானூற்றுக் கையறுநிலைப் பாடலிலும் கள் வருகிறது. ஆனால் அங்கே புகழப்படுவது கள் அன்று. கொஞ்சமே கிடைத்தாலும் அதைப் புலவருக்குத் தந்துவிடும் மனம். ஔவை இழந்தது குடியை அல்ல, உடனிருந்தவனை.

விடுதி மாணவர் தேடுவதும் பெரும்பாலும் அந்த உடனிருப்பைத்தான். வீட்டை விட்டு முதன்முதலாக வந்தவர், புதிய வட்டத்தில் ஒருவராக ஏற்கப்பட விரும்புகிறார். டெபோரா பிரென்டிஸ், டேல் மில்லர் என்ற உளவியலாளர்கள் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் நடத்தி 1993-இல் வெளியிட்ட ஆய்வு இங்கே உதவும். வளாகத்துக் குடிப்பழக்கம் குறித்துப் பெரும்பாலான மாணவர்களுக்கு உள்ளூரத் தயக்கம் இருந்தது. ஆனால் மற்றவர்களுக்கு அத்தகைய தயக்கம் இல்லை என்று ஒவ்வொருவரும் நம்பினார்கள். பருவம் செல்லச் செல்ல ஆண் மாணவர்கள் தம் கருத்தை, இல்லாத அந்தப் பொதுக்கருத்தை நோக்கி நகர்த்திக்கொண்டார்கள். இந்தியாவிலும் 'எல்லாரும்தான் குடிக்கிறார்கள்' என்பது பிழை. 2019-இல் வெளியான தேசிய ஆய்வின்படி, 10 முதல் 75 வயது வரையிலான ஆண்களில் குடிப்பவர் 27.3 விழுக்காட்டினர், பெண்களில் 1.6 விழுக்காட்டினர். குடிக்காதவரே பெரும்பான்மை. ஆனால் விருந்து முடிந்த மறுநாள், குடித்தவர்களின் கதைகள் மட்டுமே அறைதோறும் சொல்லப்படுகின்றன.

பயன் உண்டா என்றால், கூச்சம் சில மணி நேரம் தளர்கிறது என்பதை மறுக்க வேண்டியதில்லை. அதற்கான விலையை மாணவர் தம் தொழிலுக்குரிய கருவியாலேயே செலுத்துகிறார். படித்ததை மூளை நிலைப்படுத்துவதில் தூக்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு. மது விரைவில் தூங்கவைக்கும். ஆனால் கனவுகள் வரும் தூக்கக் கட்டத்தைக் குறைத்துவிடும். தேர்வு முடிந்த இரவில் இது பொருட்டன்று. ஆய்வேடு எழுதும் ஆண்டுகளில் வாரந்தோறும் நேர்ந்தால் பொருட்டாகும்.

பணக் கணக்கு இன்னும் எளிது. ஆந்திரத்தில் மது வாங்கச் சட்டம் அனுமதிக்கும் வயது 21. இளங்கலை மாணவர்களில் பெரும்பாலோர் அதைத் தொடாதவர்கள். 2019 அக்டோபரில் அரசு கையிலெடுத்த சில்லறை விற்பனை 2024 அக்டோபரில் மீண்டும் தனியாரிடம் சென்றது. அப்போது 180 மில்லி, அதாவது ஒரு குவார்ட்டர், 99 ரூபாய்க்குக் கிடைக்க வழிசெய்யப்பட்டது. வாரம் இரண்டு என்றால் ஆண்டுக்கு 10,296 ரூபாய். ஏழை மாணவரின் உணவு, விடுதிச் செலவுக்காக அதே மாநிலம் 2020-இல் தொடங்கிய 'வசதி தீவென' திட்டத்தில் பட்டப்படிப்பு மாணவர் ஒருவருக்கு அறிவிக்கப்பட்ட தொகை ஆண்டுக்கு 20,000 ரூபாய். அதில் பாதிக்குமேல் கடைக்குப் போய்விடும். போனதில் ஒரு பங்கு வரியாகி, புறப்பட்ட கருவூலத்துக்கே திரும்பிவிடும்.