'குட்' என்றால் எழுபதுக்கு நான்கு

அமெரிக்காவின் பழைய செம்பு சென்ட் ஒன்றை விற்பவர் 'குட்' என்று சொன்னால், புதிதாகச் சேகரிக்க வந்தவர் ஆசையோடு வாங்கி ஏமாந்துபோவார். முகம் தேய்ந்து விளிம்புக் கோடு மட்டும் மிஞ்சியிருக்கும். சேகரிப்பாளர் கணக்கில் அது எழுபதுக்கு நான்கு, 'ஃபைன்' பன்னிரண்டு, 'வெரி ஃபைன்' கூட இருபதுதான். வெளியாளுக்குப் புரியக் கூடாது என்றே பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்றார்கள் என்று குழூஉக்குறிக்கு நம் இலக்கண உரைகள் உதாரணம் காட்டும். நாணயக்காரர்களின் பேச்சும் அந்த வகைதான், கத்துக்குட்டியின் தலையில் மிளகாய் அரைக்கக் கண்டுபிடித்தது என்று எண்ணத் தோன்றும். அதன் வரலாறு வேறு கதை சொல்கிறது. விற்பவனை வாங்குபவன் நம்ப முடியாமல் போன ஒவ்வொரு கட்டத்திலும் அந்த அவநம்பிக்கையைச் சமாளிக்கப் புதுச் சொற்கள் பிறந்திருக்கின்றன. அப்படிப் பிறந்தவை காசை விவரிப்பதை மெல்ல மெல்ல விட்டுவிட்டு விலையைப் பேசத் தொடங்கின.

தொடக்கத்தில் இப்படி இல்லை. 1793 முதல் அச்சடிக்கப்பட்ட பெரிய செம்பு சென்ட் 1857-இல் நிறுத்தப்பட்டுச் சிறிய சென்ட் வந்ததும், கையில் புழங்கிய காசு கண்முன்னே மறைகிறதே என்று பலர் அதைச் சேர்க்க ஆரம்பித்தார்கள். மறு ஆண்டே நியூயார்க்கில் அமெரிக்க நாணயவியல் சங்கம் தோன்றியது. ஆரம்ப கால அச்சுகள் கையால் செதுக்கியவை என்பதால் ஒரே ஆண்டுக் காசிலும் சுதந்திர தேவியின் கூந்தலும் தாடையும் அச்சுக்கு அச்சு மாறும். பிலடெல்பியா மருத்துவர் எட்வர்ட் மாரிஸ் 1869-இல் 1794-ஆம் ஆண்டு சென்ட்டுகளை வகைபிரித்து, 'இரட்டைத் தாடை', 'தழும்புத் தலை', 'சாய்ந்த நான்கு', 'கடல் வீனஸ்' என்ற பொருளில் பெயரிட்டார். கிட்டத்தட்ட காசுகளுக்கு ஒரு சாமுத்திரிகா லட்சணம்! இந்தப் பெயர்களில் விலை வாடையே கிடையாது. காசை உற்றுப் பார்த்தவன் இன்னொருவனுக்கு அடையாளம் சொல்கிறான், அவ்வளவுதான்.

தொல்லை தந்தது தேய்மானம். ஏலப் பட்டியலில் ஒருவர் 'ஃபைன்' என்பதை இன்னொருவர் 'குட்' என்பார். நேரில் பார்க்காமல் தபாலில் வாங்குபவர் யார் சொல்லை எடுத்துக்கொள்வது? வில்லியம் ஷெல்டன் 1949-இல் தம் நூலில் ஒரு வழி சொன்னார். இவர் உளவியலாளர், மனித உடல்வாகையே ஒன்று முதல் ஏழு வரையிலான மூன்று எண்களில் அடக்கிக் காட்டியவர். காசுக்கு ஒன்று முதல் எழுபது வரை எண் கொடுத்தார். இன்ன காசு என்று தெரிந்தால் போதும் என்ற நிலை ஒன்று, அப்பழுக்கற்றது எழுபது. கடைநிலைக் காசின் விலையை எண்ணால் பெருக்கினால் அந்தக் காசின் விலை வந்துவிடும். அன்றைய சந்தையில் மிகச் சிறந்த சென்ட்டுக்கும் கடைநிலைச் சென்ட்டுக்கும் இருந்த விலை விகிதத்திலிருந்து எடுத்ததுதான் அந்த எழுபது. சந்தை அதே இடத்தில் நிற்கவில்லை, சில ஆண்டுகளில் சூத்திரம் பொய்த்தது. ஆனாலும் எண் ஒட்டிக்கொண்டது. 1970-களில் அதையே தங்கம், வெள்ளி என எல்லாக் காசுகளுக்கும் விரித்தார்கள்.

எண் என்று வந்துவிட்டால் அது அளவைதானே, தங்கத்துக்கு மாற்று பார்ப்பதுபோல, என்று கேட்கலாம். மாற்று உரைகல்லில் தேய்த்துத் தெரிவது. கல் மாறினாலும் உலோகம் மாறாது. அறுபது முதல் எழுபது வரையுள்ள பதினொரு படிகளோ, புழக்கத்துக்கே போகாத காசுகளுக்கு உரியவை. கீறல் எங்கே விழுந்திருக்கிறது, ஒளி எப்படிச் சுழல்கிறது, பார்வைக்கு எடுப்பாக இருக்கிறதா என்பதெல்லாம் அங்கே தீர்மானிக்கும். அதை மதிப்பீடு எனலாம், அளவை என்று ஒப்ப முடியவில்லை. ஷெல்டன் கதையே இதற்குச் சான்று. 1977-இல் அவர் இறந்த பிறகு, நாணயவியல் சங்கத்தின் தொகுப்பிலிருந்த நல்ல சென்ட்டுகளை எடுத்துக்கொண்டு மட்டமானவற்றை அங்கே வைத்திருந்தார் என்பது வெளிப்பட்டது. வழக்கில் சங்கமே வென்றது. காட்டிக்கொடுத்தவை அவருடைய எண்கள் அல்ல. தனித்தனிக் காசின் படங்களும் வடுக்களும்தான், அதாவது மாரிஸ் காலத்துப் பார்வை.

கொச்சைச் சொற்களைப் பார்த்தாலும் ஏமாற்றுகிறவன் மொழி என்ற குற்றச்சாட்டு நிற்பதில்லை. புழங்கிய காசு புழங்காததுபோல நழுவி வந்தால் 'ஸ்லைடர்'. சுழலும் கம்பித் தூரிகையால் போலி மினுக்கு ஏற்றியிருந்தால் 'விஸ்டு'. இவையெல்லாம் ஏமாந்தவர்கள் அடுத்தவருக்குச் சொன்ன எச்சரிக்கைகள். 1986-இல் பி.சி.ஜி.எஸ்., மறு ஆண்டு என்.ஜி.சி. ஆகிய நிறுவனங்கள் காசைத் தரம்பார்த்துப் பிளாஸ்டிக் பெட்டியில் பூட்டித்தரத் தொடங்கின. அந்தப் பெட்டி 'ஸ்லாப்'. தேறாத காசு சாதாரண உறையில் திரும்பி வந்தால் 'பாடி பேக்', பிணப் பை. ஒரு எண் கூடினால் விலை பல மடங்காகும் என்பதால், பெட்டியை உடைத்து மறுபடி அனுப்புவதற்கும் 'கிராக்-அவுட்' என்று பெயர் விழுந்தது. பெட்டிமேலும் சந்தேகம் வந்தபோது, 2007-இல் சி.ஏ.சி. என்ற நிறுவனம் தகுதியான பெட்டிகளில் பச்சை முத்திரை ஒட்டியது. சேகரிப்பாளர்கள் அதை 'பீன்', அவரை விதை என்கிறார்கள். பிறர் பெட்டிகளைச் சரிபார்த்துவந்த அந்த நிறுவனமும் 2023-இல் தானே தரம்பார்த்துச் சொந்தப் பெட்டியில் பூட்டித்தர ஆரம்பித்தது.