தேகப்பயிற்சியும் கலாசாலையும்

உடம்பைப் பேணும் கலை உலகிற்குப் புதியதன்று. மல்லரும் சிலம்பரும் தத்தம் ஆசான்மாரிடம் பயின்று வந்தனர். எண்ணெய் பூசி உருவிவிட்டு நோவு தீர்ப்போர் எந்த நாட்டிலும் இருந்தனர். ஆயினும் இத்தொழிலுக்கென ஒரு கலாசாலை, அங்கே ஆண்டுக்கணக்கான படிப்பு, ஈற்றிலே ஒரு பரீட்சை, அதன்பின் சம்பளந்தரும் உத்தியோகம் என்னும் ஒழுங்கு ஏற்பட்டது அண்மைக் காலத்திலேயே. ஐரோப்பாவில் அவ்வொழுங்கிற்கு வித்திட்டது சுவீடன் நாடு. இங்கிலாந்திலே அதனை வளர்த்தெடுத்தவர்களிற் பெரும்பாலோர் பெண்கள்.

பேர் ஹென்றிக் லிங் என்பவர் 1776 ஆம் ஆண்டு சுவீடனிற் பிறந்தவர், கவிஞர், வாட்போர் ஆசிரியர். வாட்பயிற்சியினாலே தம் கைநோவு தணிந்ததைக் கண்டே அவர் உடலசைவின் இயல்பை ஆராயத் தலைப்பட்டார் என்பர். 1813 ஆம் ஆண்டு அரசின் ஆதரவுடன் ஸ்டொக்ஹோம் நகரில் அவர் நிறுவிய மத்திய தேகப்பயிற்சி நிலையம், பயிற்சியை நான்கு கிளைகளாக வகுத்தது. ஒன்று பாடசாலைக்கு, ஒன்று படைக்கு, ஒன்று நோய் தீர்ப்பதற்கு, ஒன்று உடலின் எழிலுக்கு. பள்ளிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி அளிப்பவரும், முடங்கிய மூட்டை அசைத்து இயக்குபவரும் ஒரே கூரையின் கீழிருந்து ஒரே உடற்கூற்றியலைக் கற்றனர். பின்வந்த நூறாண்டு வரலாற்றுக்கும் அந்தக் கூரையே மூலமாகும். 1864 முதல் பெண்களும் அங்கே சேர்க்கப்பட்டனர். படைப்பயிற்சி மட்டும் அவர்களுக்கு இல்லை. 1887 இல் சுவீடன் அரசு நோய்தீர்க்கும் பயிற்சியாளரைப் பதிவு செய்து அங்கீகரித்தது.

அந்நிலையத்திற் பயின்று வெளியேறியவர்களுள் மார்ட்டினா பேர்க்மன் ஒருவர். 1849 இற் பிறந்த இவ்வம்மையார், வீட்டு ஆசிரியையாக இருந்து, முப்பது வயதளவிலே மாணவியானவர். 1881 இல் இலண்டன் பாடசாலைச் சபை தன் பெண்பிள்ளைகளின் தேகப்பயிற்சியை மேற்பார்வை செய்ய அவரை அழைத்தது. ஏழைகள் வாழும் பகுதிகளின் பாடசாலைகளிலே ஆசிரியைகளுக்குச் சுவீடன் முறையைக் கற்பித்த காலத்தில் ஓர் உண்மை அவருக்குப் புலனாயிற்று. வேறு பாடங்களைக் கற்பிக்கும் ஆசிரியை மாலைநேர வகுப்பிற் பெற்ற சிறிது பயிற்சியைக்கொண்டு இப்பாடத்தையும் நடத்தினால், இதற்கு ஒருநாளும் மதிப்பு வாராது. ஆதலின் 1885 இல் ஹம்ப்ஸ்டெட் என்னுமிடத்தில் தமக்கெனச் சொந்தமாக ஒரு கலாசாலையைத் தொடங்கினார். மறுவருடம் திருமணம் செய்து பேர்க்மன் ஒஸ்டர்பேர்க் என்னும் பெயரைப் பெற்ற பின்னரும் பணியை விட்டாரல்லர். பெண்கள் மணமானதும் தொழிலைக் கைவிடுவதே வழக்காயிருந்த காலம் அது. 1895 இல் கலாசாலை கென்ற் மாகாணத்தின் டார்ட்பேர்ட் என்னுமிடத்துக்கு மாறியது.

அங்கே படிப்பு இரண்டு ஆண்டு. உடற்கூற்றியல், உடற்றொழிலியல், சுகாதாரம், சுவீடன் தேகப்பயிற்சி, பரிகாரப் பயிற்சி, விளையாட்டு, கற்பித்தற் பயிற்சி என்பன பாடங்கள். எலும்பும் தசையும் அறியாதவள் பிள்ளையின் முதுகை நிமிர்த்தத் துணியலாகாது என்பது அம்மையாரின் கொள்கை. ஆளுகையில் அவர் மிகக் கடுமையானவர். தகுதியில்லையெனக் கண்டவரை வீட்டுக்கு அனுப்பத் தயங்கார். கட்டணம் செலுத்த வல்ல நடுத்தரக் குடும்பத்துப் பெண்களுக்கே அக்கலாசாலையின் கதவு திறந்தது என்பதும் மறைக்கத்தக்கதன்று. அவர் முதலிற் பயிற்றுவித்த ஏழைப் பிள்ளைகள் அங்கே மாணவிகளாக நுழைந்திருத்தல் அரிது. வலிய தாயரால் வலிய இனம் தோன்றும் என்ற அவருடைய பேச்சும் இன்று நம் காதுக்கு இனிக்காது.

எனினும் பெண்ணின் உடையையும் ஆட்டத்தையும் மாற்றியது அச்சிறு கலாசாலையே. கணுக்கால்வரை தாழ்ந்த பாவாடையும் இறுகிய இடைக்கச்சும் அணிந்து எவ்வாறு தாவுவது? பாடசாலைப் பெண்பிள்ளைகள் பிற்காலத்திலே சீருடையாக அணிந்த கையில்லாத் தளர்ந்த சட்டையை 1890 களில் வகுத்தவர் அங்கே பயின்ற மேரி டெயிற் என்பர். 1893 இல் அமெரிக்காவிலிருந்து வந்த ஒருவர் கூடைப்பந்தாட்டத்தை அம்மாணவிகளுக்குக் காட்டினார். கடதாசிக் குப்பைக் கூடைகளை மாட்டிவைத்து ஆடத்தொடங்கிய அந்த ஆட்டம், டார்ட்பேர்டின் புற்றரைக்கு வந்தபின் படிப்படியாக வேறோர் ஆட்டமாக மாறியது. 1901 இல் அதன் விதிகள் அச்சேறின. அதுவே இலங்கைப் பெண்பிள்ளைகள் நன்கறிந்த வலைப்பந்தாட்டம். யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம் 2009 இலும் 2018 இலும் ஆசியக் கிண்ணத்தை வென்ற இலங்கை அணிகளில் ஆடியபோது, அக்கூடைகளை எவரும் நினைத்திருக்கமாட்டார்.

பாடசாலைக் கிளை இவ்வாறு தழைக்க, நோய்தீர்க்கும் கிளைக்கு ஒரு பெருஞ்சோதனை நேர்ந்தது. உருவிவிடும் நிலையம் என்ற பெயரால் ஒழுக்கக்கேடான இல்லங்கள் இலண்டனில் நடைபெறுவதாக 1894 இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகை எழுதியது. நேர்மையாக அத்தொழிலைச் செய்துவந்த பெண்களின் நற்பெயருக்கும் மாசு வந்தது. அப்பொழுது தாதியராகவும் மருத்துவமாதராகவும் இருந்த லூசி ரொபின்சன், றொசலின்ட் பஜற், எலிசபெத் மான்லி, மார்கிறற் பாமர் என்னும் நால்வர் கூடி ஒரு சங்கம் அமைத்தனர். தம்மை நம்பும்படி ஊரை வேண்டிக்கொள்வதோடு அவர்கள் நின்றுவிடவில்லை. தமக்குத் தாமே விலங்கு பூட்டிக்கொண்டனர். வைத்தியரின் பணிப்பின்றி எவருக்கும் சிகிச்சை செய்யலாகாது. பொதுப் பத்திரிகைகளில் விளம்பரம் கூடாது. ஆடவருக்குச் சிகிச்சை செய்வதும் பொதுவாக விலக்கு. இவற்றோடு பரீட்சையும் வைத்தனர். அவ்விதிகள் அவர்களை வைத்தியருக்கு நெடுங்காலம் கீழ்ப்படுத்தி வைத்தன என்பது மெய். ஆனால் அன்றைய நிலையில் வேறு வழி இருந்ததாகத் தோன்றவில்லை.

1914 இல் முதலாம் உலகப் போர் மூண்டபோது நிலைமை தலைகீழாயிற்று. முறிந்த கையும் விறைத்த காலுமாய்ப் போர்வீரர் வைத்தியசாலைகளை நிரப்பினர். அவர்களை மீண்டும் நடக்கச் செய்ய அரசு தேடியது, இருபதாண்டுக்கு முன் ஐயுறவோடு நோக்கப்பட்ட அப்பெண்களையே. அல்மெறிக் பஜற் படையணி என்ற பெயருடன் ஐம்பது பேரோடு தொடங்கிய சேவை, போர் முடியுமுன் பல மடங்காகப் பெருகியது. ஆடவருக்குச் சிகிச்சை செய்யலாகாது என்ற விதி போர்க்களத்துக் காயங்களின் முன்னே நிற்கமாட்டாது போயிற்று. 1920 இல் சங்கத்துக்கு அரச பட்டயம் கிடைத்தது, ஆடவரும் உறுப்பினராயினர். 1944 இல் அது இயன்மருத்துவச் சங்கம் என்னும் பொருள்படப் பெயர் மாறியது.

பேர்க்மன் ஒஸ்டர்பேர்க் அம்மையார் இவற்றைக் காண இருக்கவில்லை. தம் சொத்தாகிய கலாசாலையை நாட்டுக்கு உரிமையாக்கிவிட்டு 1915 ஆம் ஆண்டு யூலை மாதம் அவர் காலமானார். அவரிடம் பயின்றவர்களும் கற்பித்தவர்களும் அதற்குமுன்பே வேறு கலாசாலைகளை நிறுவிவிட்டனர்: றோடா அன்ஸ்ரி 1897 இலும், மார்கிறற் ஸ்டான்ஸ்பீல்ட் பெட்பேர்டில் 1903 இலும். பழைய மாணவிகள் 1899 இல் லிங் பெயரால் ஒரு சங்கம் கூட்டியபோது, அம்மையார் அதிற் சேராது தமக்கெனத் தனிச் சங்கம் வைத்துக்கொண்டார். வலைப்பந்தாட்ட விதிகளை 1901 இல் அச்சிட்டு வெளியிட்டது அந்த லிங் சங்கமே.